எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு: குமரி மாவட்டத்தில் வர்க்கமும் பாலினமும்

ஆண்டுதோறும் மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் குமரி மாவட்டத்துச் சேகர ஆயர்களின் இல்லங்களில் ஒருவகைப் பரபரப்பு உண்டாவது நாம் அறிந்ததே. பரிந்துரைக் கடிதம் கேட்டு வருவோர், ஞானஸ்நானச் சான்றிதழ் பெற வருவோர், உதவித்தொகை விண்ணப்பத்தில் கையொப்பம் வேண்டுவோர் எனப் பலரும் வாயிலில் நிற்பர். அவர்களுள் பெரும்பாலோர் கேட்கும் வினா ஒன்றுதான்: "பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம், ஐயா?" மதிப்பெண் பட்டியலைப் பார்த்து விடை கூறிவிடலாம் என்று தோன்றும். ஆயினும் ஒரே மதிப்பெண்ணைப் பெற்ற நான்கு பிள்ளைகள் நான்கு வெவ்வேறு இடங்களுக்குச் செல்வதை ஒவ்வோராண்டும் காண்கிறோம். அவர்களைப் பிரித்து அனுப்புவது எது? வீட்டின் நிலையும், பிள்ளை ஆணா பெண்ணா என்பதுமே பெரிதும் அதனைத் தீர்மானிக்கின்றன. அத்தீர்மானம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஆயர்களும் இறையியல் மாணவரும் விளங்கிக்கொள்ளவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மாவட்டம் கல்வியில் பின்தங்கியதன்று. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதலிடம் குமரிக்கே உரியது, 91.75 விழுக்காடு. ஆண்களில் 93.65, பெண்களில் 89.90 என நான்கு விழுக்காட்டுக்கும் குறைந்த வேறுபாடே இருந்தது. உயர்கல்வியிலும் தமிழ்நாடு முன்னணியில் நிற்கிறது. 2021–22-ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வில் நாடு முழுவதற்குமான மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4 ஆக இருக்க, தமிழ்நாட்டின் விகிதம் 47; பெண்களின் விகிதம் ஆண்களினதைச் சற்றே விஞ்சியும் இருந்தது. ஆகவே வாயிலில் நின்று மறிக்கும் காவலன் இன்று பெரும்பாலும் இல்லை. ஏற்றத்தாழ்வு ஒழிந்துவிட்டது என்று இதனைக் கொண்டு முடிவு கட்டுவோர் உண்டு. அது ஒழியவில்லை, வாயிலைக் கடந்து உள்ளே இடம் பெயர்ந்துவிட்டது என்பதே என் துணிபு. எந்தப் பாடம், எவ்வளவு தொலைவு, எத்தனை ஆண்டு, எதன்பொருட்டு என்னும் வினாக்களுக்குள் இன்று அது குடிகொண்டிருக்கிறது.

இரு பள்ளிகள், இரு பாதைகள்

இதன் வேர் நம் திருச்சபை வரலாற்றிலேயே உள்ளது. 1806-இல் மயிலாடிக்கு வந்த லண்டன் மிஷனரி சங்கத்தின் ரிங்கல்தௌபே, 1809-இல் அங்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். அவரை அழைத்து வந்த வேதமாணிக்கம் சாம்பவர் குலத்தவர் என்பதை நாம் நினைவில் வைக்கவேண்டும். நாஞ்சில் நாட்டுச் சீர்திருத்த சபையின் முதற்கனி எந்தக் கிளையில் பழுத்தது என்பது பின்னர் நாம் எளிதாக மறந்துவிட்ட செய்தி. மீட் ஐயர் காலத்தில் 1818-இல் பள்ளி நாகர்கோவிலுக்கு வந்து, குருத்துவப் பள்ளியாக வளர்ந்து, 1893-இல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாயிற்று. உபதேசியார், ஆசிரியர், எழுத்தர், அரசு ஊழியர் ஆகியோர் அதன் வகுப்புகளிலிருந்து புறப்பட்டனர்.

1819-இல் நாகர்கோவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி தோன்றியது. மால்ட் அம்மையார் 1821-இல் அங்குச் சரிகைப் பின்னல் வேலையைத் தொடங்கினார். அவ்வேலையின் ஊதியத்தால் அடிமைநிலையிலிருந்த சில பெண்கள் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர் என்பது நம் சபை வரலாற்றின் மேன்மையான பக்கங்களுள் ஒன்று. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிப்புப் பிரகடனம் வெளிவந்தது 1855-இல். அதற்கு முன்னரே பின்னலூசி அவ்வேலையைத் தொடங்கிவிட்டது. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஆண் பிள்ளைக்கு அளிக்கப்பட்ட கல்வி அவனை வீட்டிற்கு வெளியே ஓர் உத்தியோகத்திற்கு ஆயத்தம் செய்தது. பெண் பிள்ளைக்கு அளிக்கப்பட்ட கல்வி அவளை நல்ல கிறிஸ்தவ மனைவியாக, கூடுமானால் ஆசிரியையாக, ஆயத்தம் செய்தது. ஒருவரும் தீய எண்ணத்தோடு இவ்வாறு பிரிக்கவில்லை. எனினும் பாதைகள் பிரிந்தன.

பிரிந்த பாதைகளின் இடைவெளியை ஆண்டுக் கணக்கிலேயே அளக்கலாம். மாவட்டத்தின் முதற்கல்லூரி 1893-இல் தோன்ற, பெண்களுக்கென நாகர்கோவிலில் திருச்சிலுவைக் கல்லூரி 1965-இல் தோன்றியது. நம் சபையின் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி 1973-இல் வந்தது. ஏறத்தாழ மூன்று தலைமுறை. ஸ்காட் கல்லூரியில் பிற்காலத்தில் பெண்களும் பயின்றனர் என்பது உண்மையே. ஆனால் ஆண்களோடு அமர்ந்து கற்க மகளை அனுப்பத் துணியாத வீட்டார், பாளையங்கோட்டைச் சாராள் தக்கர் கல்லூரிக்கோ திருவனந்தபுரத்திற்கோ சென்னைக்கோ அனுப்பவேண்டியிருந்தது. விடுதிச் செலவைத் தாங்கக்கூடிய வீடுகளே அவ்வாறு அனுப்பின. பெண்ணாயிருத்தல் உண்டாக்கிய தடையைச் செல்வம் ஓரளவு வாங்கித் தீர்த்தது. செல்வமில்லாத பெண்ணுக்கோ தடை அப்படியே நின்றது.

இதற்குத் திருவிதாங்கூரிலேயே தெளிவான சான்று உண்டு. மேரி புன்னன் லூக்கோஸ் அரச மருத்துவராயிருந்த டாக்டர் புன்னனின் மகள். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் அறிவியல் பயில அவர் விண்ணப்பித்தபோது, பெண் என்னும் காரணத்தால் அப்பாடம் மறுக்கப்பட்டது. வரலாறு பயின்று, கல்லூரியின் ஒரே மாணவியாக 1909-இல் பட்டம் பெற்றார். பின்பு தந்தையின் துணையால் லண்டன் சென்று மருத்துவம் கற்றுத் திரும்பி, 1938-இல் திருவிதாங்கூர் மருத்துவத்துறையின் தலைமைப் பொறுப்பையே ஏற்றார். அவருடைய ஆற்றலைக் குறைத்து மதிப்பிட இதனைக் கூறவில்லை. அரச மருத்துவரின் மகளுக்கே அறிவியல் வகுப்பின் கதவு சாத்தப்பட்டது. பனையேறியின் மகள் அந்தக் கதவின் அருகே வந்து நிற்கவும் வழியில்லாதிருந்தது. வர்க்கமும் பாலினமும் தனித்தனிச் சுமைகளல்ல. ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றப்படும்போது இரண்டும் சேர்ந்து வேறொரு எடையாகிவிடுகின்றன.

பள்ளி அமைப்பில் நேர்ந்த ஒரு மாற்றத்தையும் இங்குச் சேர்த்துச் சொல்லவேண்டும். 1978 வரை புகுமுக வகுப்பு கல்லூரியிலேயே நடந்தது. அதனால் பதினைந்து, பதினாறு வயதில் பெண்ணைப் பேருந்தேற்றி நகரத்திற்கு அனுப்புவதா என்னும் வினா வீட்டில் எழுந்தது. பெரும்பாலும் 'வேண்டாம்' என்று முடிந்தது. மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தபின் அவ்வினா ஓராண்டு தள்ளிப்போயிற்று. அதற்குள் பெண் தன் மதிப்பெண்ணைக் காட்டி வாதாடும் வயதை அடைந்தாள். நம் மாவட்டத்துப் பெண்கல்வியின் வளர்ச்சியில் இதன் பங்கைப் பலர் நினைப்பதில்லை.

வீட்டின் வரவும் வீட்டின் அறிவும்

பொருளாதார நிலை என்றவுடன் நாம் கட்டணத்தை மட்டும் எண்ணுகிறோம். பிரெஞ்சு சமூகவியலாளர் பியேர் பூர்தியூவும் அவருடன் ஷான்-குளோது பஸ்ரோனும் 1964-இல் எழுதிய நூலொன்றில், பல்கலைக்கழகத்திற்கு வரும் மாணவரை ஒருவகை மரபுரிமையாளர் என்றே கண்டனர். கற்ற குடும்பத்துப் பிள்ளை பணத்தை மட்டுமன்றி, மொழியையும் நடையையும், எந்தப் பாடம் எங்கே இட்டுச்செல்லும் என்னும் அறிவையும் சேர்த்தே வீட்டிலிருந்து பெற்று வருகிறது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும் சில துறைகளுக்குள் ஒதுக்கப்படுவதையும், அவ்வொதுக்கத்தைத் தங்கள் விருப்பமென்றே அவர்கள் எண்ணிக்கொள்வதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். பாரிசுக்காக எழுதப்பட்டது மார்த்தாண்டத்திற்கும் பொருந்துகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியரின் வீட்டை எண்ணிப்பாருங்கள். அரசு உதவிபெறும் கல்லூரியில் மானியப் பிரிவு, சுயநிதிப் பிரிவு என இரண்டுண்டு என்பதும், ஒரே வளாகத்தில் முன்னதற்குக் கட்டணம் குறைவு, பின்னதற்கு அதிகம் என்பதும் அவ்வீட்டாருக்குத் தெரியும். விண்ணப்பத்தின் இறுதிநாள், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு, முதல் தலைமுறைப் பட்டதாரிக்குரிய கட்டணச் சலுகை எல்லாம் தெரியும். விளவங்கோடு வட்டத்தில் முந்திரி ஆலைக்குச் செல்லும் தாயின் வீட்டில் இவற்றைச் சொல்வாரில்லை. அங்கே முதலில் வந்து சேர்வது சுயநிதிக் கல்லூரியின் முகவரும் வண்ண விளம்பரத் தாளுமே. விளைவு வியப்பானது: குறைந்த கட்டணத்துக்குரிய இடத்தைப் பொருள்வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பெறுகிறது, மிகுந்த கட்டணத்துக்குரிய இடத்திற்கு, நகையை அடகுவைத்து, ஏழை வீட்டுப் பிள்ளை செல்கிறது. 1984-க்குப் பின் தமிழ்நாட்டில் பெருகிய சுயநிதிப் பொறியியற் கல்லூரிகளில் சேர்ந்து, தவறிய தாள்களோடு வெளியேறி, கடனையும் சுமந்து வளைகுடாவுக்குத் தொழிலாளராகச் சென்ற இளைஞர் நம் சேகரங்களில் சிலரல்லர்.

சாதியைப் பற்றி ஒன்றும் கூறாமல் இப்பகுதியை முடித்தால் அது முழுமையாகாது. அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், குமரி மாவட்டத்திற்கும் செங்கோட்டை வட்டத்திற்கும் உரியதாகத் 'தென்னிந்தியத் திருச்சபை, முன்னாள் தென்னிந்திய ஐக்கிய சபை' என்றே ஒரு பதிவு உண்டு. திருச்சபையின் பெயரே சாதிப் பட்டியலில் ஓர் இனமாக இடம்பெற்ற விந்தையை நம் இறையியல் மாணவர் ஆராயலாம். மறுபுறம், பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானோர் 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் அப்பட்டியலின் இடஒதுக்கீட்டை இழந்து, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோரோடு சேர்த்து எண்ணப்படுகின்றனர். ஆயினும் கல்வி உதவித்தொகை அவர்களுக்கும் மாநில அரசால் வழங்கப்படுகிறது. தங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று எண்ணி விண்ணப்பிக்காத குடும்பங்கள் உள்ளன. வேதமாணிக்கத்தின் வழிவந்தோருக்கு இந்த ஒரு செய்தியைச் சொல்லவேண்டிய கடமையாவது நமக்கு உண்டு.

மகளின் பட்டமும் மருமகனின் விலையும்

பெண் பிள்ளையின் கல்லூரித் தேர்வில் முதலில் பேசப்படுவது பாடமன்று, தொலைவு. மாலையில் எந்தப் பேருந்தில் வீடு திரும்புவாள், நிறுத்தத்திலிருந்து எவ்வளவு நடக்கவேண்டும், உடன்செல்ல யார் உளர் என்பன முதலில் தீரவேண்டும். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது. 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய 'புதுமைப் பெண்' திட்டம் அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது. 2024 டிசம்பரில் அது அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கும் விரிக்கப்பட்டது. நம் சபைப் பள்ளிகளின் பிள்ளைகள் பலர் இதற்கு உரியவர். மகளின் கையில் அவளுக்கென்று வரும் ஆயிரம் ரூபாய், அவள் வீட்டில் பேசும் குரலையும் சற்று உயர்த்துகிறது.

எனினும் பேருந்துக் கட்டணத்தைக் காட்டிலும் பெரிய கணக்கொன்று நம் வீடுகளில் உண்டு. அது சீதனக் கணக்கு. நாஞ்சில் நாட்டில் இதனை விளக்கவேண்டியதில்லை. ஆயினும் கல்லூரியோடு அதற்குள்ள தொடர்பை நாம் போதிய அளவு எண்ணுவதில்லை. பட்டப்படிப்பு முடித்த பெண்ணுக்கு அதற்குக் குறையாத படிப்புள்ள மணமகன் வேண்டும் என்பது வழக்கம். படிப்பு உயர மணமகனின் 'விலை'யும் உயரும். எனவே நடுத்தர வருவாயுள்ள தந்தை, மகள் முதுகலைக்குச் செல்ல விரும்பும்போது இருமுறை கணக்கிடுகிறார்: கல்லூரிக் கட்டணம் ஒன்று, அப்பட்டத்திற்கேற்ற மணமகனுக்குக் கூடுதலாகும் சீதனம் மற்றொன்று. இரண்டையும் கூட்டிப்பார்த்து, இளங்கலையோடு போதும் என்கிறார். மகன் விஷயத்தில் இதே கணக்கு நேர்மாறாகத் திரும்புகிறது. அவனுக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் திரும்பி வரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. ஆகவே ஒரே வீட்டில் மதிப்பெண் குறைந்த மகன் சுயநிதிப் பொறியியற் கல்லூரிக்கும், மதிப்பெண் மிகுந்த மகள் அருகிலுள்ள கலைக்கல்லூரிக்கும் செல்கின்றனர். தந்தை கொடியவர் அல்லர். அவர் கணக்கில் பிழையுமில்லை. அந்தக் கணக்கை உண்டாக்கும் சந்தையில்தான் பிழை. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் நடப்பிலிருக்க, நம் ஆலயங்களில் திருமண அறிவிப்பை வாசிக்கும் நாம் அச்சந்தைக்கு வெளியே நிற்பவரென்று சொல்லிக்கொள்ள இயலாது.

செவிலியர் பயிற்சி இதில் தனித்து நிற்கிறது. நெய்யூர் மருத்துவமனையும் நாகர்கோவில் இரட்சணிய சேனையின் கேதரின் பூத் மருத்துவமனையும் நம் பெண்களுக்கு அத்தொழிலை அறிமுகம் செய்தன. இரவுப் பணியும் அயலாரின் உடலைத் தொடும் வேலையும் தாழ்வென்று உயர்குடிகள் ஒதுக்கியபோது, எளிய கிறிஸ்தவ வீடுகள் மகள்களை அதற்கு அனுப்பின. இன்று அவ்வீடுகளுள் பலவற்றைத் தாங்குவது வெளிநாட்டில் பணிபுரியும் மகளின் ஊதியமே. ஏழ்மை தள்ளிய வழியே சில பெண்களுக்கு விடுதலையின் வழியுமாயிற்று. அதேவேளை, மருத்துவராகும் கனவோடிருந்த மகளைச் செவிலியர் படிப்பிலும், இயற்பியலில் ஆய்வு செய்ய விரும்பியவளை ஆசிரியப் பயிற்சியிலும் நிறுத்தி, 'பெண்ணுக்கு ஏற்றது' என்று நாம் ஆசீர்வதித்ததும் உண்டு.

ஆண்பிள்ளை எப்போதும் வெல்பவன் என்றும் எண்ணவேண்டாம். கடற்கரை ஊர்களில் பதினெட்டு வயதுச் சிறுவனுக்குக் கையில் காசு கிடைக்கும் வழி வகுப்பறையில் இல்லை; விசைப்படகில் உண்டு. அக்காள் தங்கையர் கல்லூரிக்குச் செல்ல, அவன் கடலுக்கோ வளைகுடாவுக்கோ செல்கிறான். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் தூத்தூரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சேர்ந்த மீனவர் பலர் மாண்டபோது, அவ்வீடுகளில் உழைத்துத் தீரவேண்டிய கடமை மூத்த மகன்மேல் விழுந்தது. பாலினம் பெண்ணை வீட்டுக்குள் நிறுத்துவதுபோல ஆணைப் படிப்பிலிருந்து வெளியே தள்ளுவதும் உண்டு. 2024 ஆகஸ்டில் மாணவருக்கும் 'தமிழ்ப் புதல்வன்' என்னும் பெயரில் மாத உதவி தொடங்கப்பட்டமைக்கு இத்தகைய காரணங்கள் உள.

கல்லூரிக்குள்

சேர்ந்துவிட்டால் எல்லாரும் சமம் என்பது நம் எண்ணம். முதலாண்டு வகுப்பில் ஆங்கிலத்தில் விரிவுரை நடக்கும்போது தமிழ்வழியில் வந்த மாணவன் மௌனமாயிருக்கிறான். அம்மௌனம் அறியாமை என்று ஆசிரியரால் படிக்கப்படுகிறது. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணிலும் அது ஏறிவிடுகிறது. ஆங்கிலவழியில் வந்தவனோ பாதி அறிந்ததையும் முழுதும் அறிந்ததுபோல் சொல்லத் தயங்குவதில்லை. விடுமுறை நாளில் ஒருவன் நூலகத்திலும் மற்றொருவன் ரப்பர் தோட்டத்திலும் இருப்பதை மதிப்பெண் பட்டியல் காட்டாது.

விடுதிகளைப் பாருங்கள். மாணவியர் விடுதி பொழுது சாய்ந்ததும் பூட்டப்படுகிறது. மாணவர் விடுதிக்கு அத்தகைய அவசரமில்லை. நூலகமும் ஆய்வுக்கூடமும் மாலையில் திறந்திருந்தும் மாணவிக்கு அவை மூடியவையே. 2015-இல் டில்லி மாணவியர் இதனை எதிர்த்துக் 'கூண்டை உடைப்போம்' என்னும் பொருள்படும் பெயரோடு ஓர் இயக்கம் தொடங்கினர். நம் பக்கத்தில் இவ்வாறு பேசினால் ஒழுக்கக்கேடு என்பர். பாதுகாப்பு வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. பாதுகாப்பின் விலையை ஏன் மாணவி மட்டுமே தன் படிப்பு நேரத்தால் செலுத்தவேண்டும் என்பதே வினா.

பாதத்தருகே அமர்ந்தவள்

லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் மரியாள் இயேசுவின் பாதத்தருகே அமர்ந்தாள் என்பதைத் தியானத்தின் அடையாளமாகவே பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். அப்போஸ்தலர் நடபடிகள் 22:3-இல் பவுல் தன்னைக் கமாலியேலின் பாதத்தருகே வளர்ந்தவன் என்கிறார். அங்கே அதனை மாணவநிலை என்று விளக்கும் நாம், பெத்தானியாவில் மட்டும் பக்தி என்று விளக்குவானேன்? மரியாள் மாணவனின் இடத்தில் அமர்ந்தாள். அடுக்களைக்குத் திருப்பி அனுப்பும்படி கேட்கப்பட்டபோது போதகர் மறுத்தார். (இங்கு ஓர் இடைக்குறிப்பு: தீர்க்கதரிசினியாகிய உல்தாள் எருசலேமின் 'கல்லூரியில்' வாழ்ந்தாள் என்று 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் மொழிபெயர்த்தது. மூலத்திலுள்ள 'மிஷ்னே' நகரத்தின் ஒரு பகுதியைக் குறிக்கும் சொல், கல்லூரியன்று. பிழையான மொழிபெயர்ப்பேயாயினும் பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் தந்த பிழை.)

நடைமுறைக்கு அதிகம் உதவுவது அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரம். கிரேக்கமொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் புறக்கணிக்கப்பட்டனர். எவரும் வேண்டுமென்று புறக்கணித்ததாக வசனம் கூறவில்லை. பரிமாறும் ஏற்பாடே அவ்வாறு அமைந்திருந்தது. அப்போஸ்தலர் அறிவுரை கூறி அனுப்பிவிடவில்லை, ஏற்பாட்டை மாற்றினர். தெரிந்துகொள்ளப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. குறைபட்டவர்களின் பக்கத்தினரிடமே பந்தி ஒப்படைக்கப்பட்டது என்று பல விளக்கவுரையாளர் இதனை விளங்கிக்கொள்கின்றனர். நம் சேகரங்களிலும் திருமண்டலங்களிலும் கல்வி உதவித்தொகையைப் பங்கிடும் குழுக்களில் ஒரு முந்திரித் தொழிலாளியோ, படிப்பை இடையில் விட்ட ஒரு பெண்ணோ அமர்ந்திருக்கிறார்களா?

இறையியற் கல்லூரிகளுக்கும் இவ்வினாவுக்கு விலக்கில்லை. தென்னிந்தியத் திருச்சபை 1976-இல் முதன்முதலாக ஒரு பெண்ணைக் குருவாக அபிஷேகம் செய்தது. அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தும், இறையியல் பயில விரும்பும் மகளிடம் "படித்து முடித்தபின் என்ன?" என்று வீட்டார் கேட்கின்றனர், மகனிடம் அவ்வாறு கேட்பதில்லை.

ஆயர்கள் உடனே செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஞானஸ்நானத்திற்கும் திருமணத்திற்கும் அடக்கத்திற்கும் நாம் பதிவேடு வைத்திருக்கிறோம். அதைப்போல, ஒவ்வோராண்டும் மேல்நிலைத் தேர்வில் தேறிய சேகரப் பிள்ளைகளுக்கும் ஒரு பதிவேடு வைக்கலாம். பெயர், பெற்றோர் தொழில், பெற்ற மதிப்பெண், விரும்பிய படிப்பு, சேர்ந்த படிப்பு, மூன்றாம் ஆண்டின் இறுதியில் எங்கே இருக்கிறார் என ஆறு பத்திகள் போதும். ஐந்தாண்டுக்குப் பின் ஆண்பிள்ளைகளின் பக்கத்தையும் பெண்பிள்ளைகளின் பக்கத்தையும், ஓட்டுவீட்டாரின் வரிகளையும் மாடிவீட்டாரின் வரிகளையும் அருகருகே வைத்து, நான்காம் ஐந்தாம் பத்திகளைச் சேகரக் குழுவின் முன் உரக்க வாசிக்கவேண்டும்.